தொகுதி இல்லாத உறுப்பினர்: ஷெர்ரி ரஹ்மானின் நாடாளுமன்ற வாழ்க்கை

கேள்வி இதுதான்: "பாகிஸ்தானின் ஷெர்ரி ரஹ்மான் ஒரு தடவைகூட வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டு ஜெயித்தவர் இல்லை. கட்சி கொடுத்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர். அவரை ஏன் அந்த நாட்டின் முக்கியமான நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஒருவர் என்கிறார்கள்?"

கேள்வியில் உள்ள தகவல் சரி. 2002இலும் 2008இலும் அவர் கீழவையான தேசிய சபைக்கு வந்தது பெண்களுக்கு ஒதுக்கிய இடங்கள் வழியாக. 2015 முதல் இருப்பது மேலவையான செனட்டில். அதற்கு ஓட்டுப் போடுபவர்கள் மாகாண சபை உறுப்பினர்கள், பொதுமக்கள் அல்ல. ஆனால் இதை வைத்து அவரை ஒதுக்கித் தள்ளுவதை நான் ஏற்கவில்லை. அவர் செய்ய முடிந்தது எது, கடைசி நேரத்தில் கைவிட வேண்டி வந்தது எது என்ற இரண்டுக்குமே காரணம் அந்த ஒதுக்கீட்டு இடம்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பாகிஸ்தானில் பெண்களுக்கான ஒதுக்கீடு பழைய விஷயம். 1973 அரசியலமைப்பு தேசிய சபையில் பத்து இடங்கள் கொடுத்தது, 1985இல் அது இருபதானது. கெடு முடிந்ததும் நீட்டிக்காமல் விட்டார்கள். 1990, 1993, 1997 ஆகிய மூன்று தேர்தல்களிலும் ஒதுக்கீடே கிடையாது. 2002இல் ராணுவ ஆட்சியாளர் முஷாரஃப் அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது 342 இடங்களில் 60 பெண்களுக்கு என்று ஆனது. இந்த அறுபதுக்கும் தனித் தொகுதி கிடையாது. தேர்தலுக்கு முன்பே ஒவ்வொரு கட்சியும் பெண்களின் பெயர்ப் பட்டியலைத் தேர்தல் ஆணையத்திடம் கொடுத்துவிட வேண்டும். பொதுத் தொகுதிகளில் கட்சி எத்தனை ஜெயிக்கிறதோ அந்த விகிதத்தில் பட்டியலின் மேலிருந்து பெயர்கள் உள்ளே வரும். பட்டியலில் யார் எத்தனையாவது என்பதைத் தலைமை முடிவு செய்யும்.

இதனால் இரண்டு விளைவுகள். இப்படி வரும் உறுப்பினருக்குச் சாலை, குழாய், வேலை என்று கேட்டு வாசலில் நிற்கும் தொகுதி மக்கள் இல்லை. உள்ளூர் ஜமீன்தாரையோ மதத் தலைவரையோ பகைத்தால் அடுத்த தேர்தலில் தோற்போமே என்ற பயமும் இல்லை. அதனால் தொகுதி உறுப்பினர்கள் தொடத் தயங்கும் மசோதாவை அவரால் தொட முடியும். இன்னொரு பக்கம், தலைமை கைவிட்டால் அவருக்குப் பின்னால் நிற்க ஆளே இல்லை. என் பின்னால் இத்தனை லட்சம் ஓட்டு இருக்கிறது என்று சொல்லித் தலைமையை எதிர்க்க அவரால் முடியாது. ஷெர்ரியின் வாழ்க்கையில் இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வரும்.

அவர் 1960இல் கராச்சியில் பிறந்தவர். இயற்பெயர் ஷெஹர்பானு. அமெரிக்காவில் ஸ்மித் கல்லூரியிலும் இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்திலும் படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தார். ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் விமான விபத்தில் இறந்த 1988இல், கராச்சியிலிருந்து வந்த 'ஹெரால்ட்' மாத இதழின் ஆசிரியரானார். பத்து வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். ராணுவ ஆட்சி விலகிய நேரம்; கராச்சி தெருக்களில் துப்பாக்கிச் சத்தம் ஓயாத காலம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் யார் எங்கே வழக்குப் போடுவார்கள் என்று யோசித்தே எழுத வேண்டும். அந்தப் பழக்கம் பிறகு மசோதா எழுதும்போது அவருக்குக் கைகொடுத்தது என்று நினைக்கிறேன். அவருடைய மசோதாக்களில் கோஷம் குறைவாக இருக்கும். சட்டத்தில் எந்தச் சொல்லை எடுக்க வேண்டும், எந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும் என்றே அவர் பார்ப்பார்.

2002இல் பேநசீர் புட்டோவின் பாகிஸ்தான் மக்கள் கட்சி சார்பில் சபைக்கு வந்ததும் அவர் கை வைத்தது ஹுதூத் எனும் மதவழிக் குற்றவியல் சட்டங்களில். 1979இல் ஜியா கொண்டுவந்தவை அவை. அதில் 'ஸினா' அவசரச் சட்டம் முறையற்ற உறவையும் வன்புணர்ச்சியையும் ஒரே குடையின் கீழ் வைத்தது. வன்புணர்ச்சிக்கு ஹத் எனும் உச்ச தண்டனை கொடுக்க, வயது வந்த நான்கு முஸ்லிம் ஆண்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். புகார் கொடுக்கப் போன பெண்ணால் அதை நிரூபிக்க முடியாவிட்டால், அவளுடைய புகாரே அவள் மீதான ஒப்புதல் வாக்குமூலமாக மாறும் ஆபத்து இருந்தது. 1983இல், வன்புணர்ச்சிக்கு ஆளாகிக் கருவுற்றதாகச் சொன்ன பார்வையற்ற ஓர் இளம்பெண்ணுக்கே கசையடியும் சிறையும் தண்டனையாக விதிக்கப்பட்டன. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இந்தச் சட்டங்களை நீக்க ஷெர்ரி தனிநபர் மசோதா கொண்டுவந்தார். எதிர்க்கட்சி வரிசையில் இருந்து வரும் தனிநபர் மசோதாவின் கதி என்ன என்று எல்லோருக்கும் தெரியும், அது நகரவில்லை. ஆனால் விவாதம் சபைக்குள் வந்துவிட்டது. 2006இல் முஷாரஃப் அரசே பெண்கள் பாதுகாப்பு மசோதாவைக் கொண்டுவந்தபோது மக்கள் கட்சி முன் ஒரு கடினமான கேள்வி வந்தது: ராணுவ ஆட்சியாளரின் மசோதாவுக்கு ஓட்டுப் போடுவதா? மதக் கட்சிகளின் கூட்டணி எதிர்த்தது, நவாஸ் ஷரீஃபின் கட்சி ஒதுங்கி நின்றது. மக்கள் கட்சி அந்த நவம்பரில் ஆதரித்து ஓட்டுப் போட்டது, மசோதா தேறியது. வன்புணர்ச்சி வழக்கு பழையபடி குற்றவியல் சட்டத்துக்குள் வந்தது. ஷெர்ரி கேட்டது முழு நீக்கம், கிடைத்தது பாதி. அந்தப் பாதியும் சிறையில் இருந்த பெண்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

அடுத்த வருடம் டிசம்பர் 27. ராவல்பிண்டி லியாகத் பாக்கில் கூட்டம் முடிந்து பேநசீர் புட்டோ கிளம்புகிறார். வண்டியின் கூரைத் திறப்பு வழியாக எழுந்து கூட்டத்துக்குக் கையசைக்கிறார். துப்பாக்கிச் சூடு, உடனே குண்டுவெடிப்பு. டயர்கள் கிழிந்த அந்த லேண்ட் க்ரூஸர் இரும்பு வளையத்திலேயே கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிட்டது. மாற்று வண்டியாகக் கூடவே இருந்திருக்க வேண்டிய குண்டு துளைக்காத கார் அங்கே இல்லை. ஷெர்ரியின் கார் வந்துதான் பேநசீரை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனது. உடலைக் குளிப்பாட்டிய பெண்களில் ஷெர்ரியும் ஒருவர். கூரைத் திறப்பின் கைப்பிடி தலையில் இடித்து இறந்தார் என்று அரசுத் தரப்பு சொன்னபோது, குண்டுக் காயத்தைக் கண்ணால் பார்த்ததாக அவர் வெளிப்படையாகச் சொன்னார். பிரேதப் பரிசோதனை நடக்காத மரணம் அது. அதனால் அந்தச் சாட்சியம் ரொம்ப நாள் பேசப்பட்டது.

2008 தேர்தலில் கட்சி ஆட்சிக்கு வந்தது, ஷெர்ரி தகவல்துறை அமைச்சர் ஆனார். நெருக்கடி நிலையின்போது முஷாரஃப் தொலைக்காட்சிகளுக்குப் போட்ட தடைகளை நீக்கும் மசோதாவைச் சில வாரங்களிலேயே சபையில் வைத்தார். ஒரு வருடம்கூட ஆகவில்லை, அவருடைய அரசே அதே வேலையைச் செய்தது. நீக்கப்பட்ட தலைமை நீதிபதி இஃப்திகார் சௌத்ரியைத் திரும்ப நியமிக்கக் கேட்டு 2009 மார்ச்சில் வழக்கறிஞர்களின் நெடும் பயணம் கிளம்பியது. பல ஊர்களில் கேபிளில் ஜியோ தொலைக்காட்சி இருட்டானது. ஷெர்ரி ராஜினாமா செய்தார். இரண்டு மூன்று நாளில், மார்ச் 16 அதிகாலை, பிரதமர் கிலானி தொலைக்காட்சியில் தோன்றித் தலைமை நீதிபதி திரும்ப வருவார் என்று அறிவித்தார். கொஞ்சம் பொறுத்திருந்தால் பதவி தப்பியிருக்கும். ஆனால் அந்த இரண்டு நாள் அமைச்சராக உட்கார்ந்திருந்தால், பத்து வருடப் பத்திரிகை வேலையைத் தானே மறுத்தது போல ஆகியிருக்கும். அந்த ராஜினாமாவுக்காக அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அப்புறம் வந்ததுதான் அவர் வாழ்க்கையிலேயே கடினமான கட்டம்.

பஞ்சாபில் ஷேக்குபுரா மாவட்டத்தில் ஒரு கிராமம். 2009 ஜூனில் பழம் பறிக்கும் வேலைக்குப் போன ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண், கூட வேலை செய்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் தொட்ட தண்ணீரைக் குடிக்க மாட்டோம் என்று சிலர் சொல்ல, வாய்த் தகராறு. சில நாளில் அது மதநிந்தனைப் புகாராக ஆனது. 2010 நவம்பரில் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீர் சிறைக்கே போய் அவரைச் சந்தித்து, கருணை மனுவுக்குத் துணை நின்றார்.

அந்த மாதமே ஷெர்ரி மதநிந்தனைச் சட்டத் திருத்த மசோதாவைத் தேசிய சபைச் செயலகத்தில் கொடுத்தார். அதில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பிறகு நடந்த கூச்சலில் காணாமல் போனது அதுதான். பாகிஸ்தான் தண்டனைச் சட்டத்தின் 295-சி பிரிவு 1986இல் சேர்க்கப்பட்டது. நபியை இழிவுபடுத்தினால் மரணம் அல்லது ஆயுள் தண்டனை என்றது. 1990இல் கூட்டாட்சி ஷரியத் நீதிமன்றம் மரணம் மட்டுமே சரி என்றது. அந்தப் பிரிவில், குற்றம் சாட்டப்பட்டவர் வேண்டுமென்றே செய்தாரா என்று பார்க்கச் சொல்லும் வார்த்தையே இல்லை. பொய்ப் புகார் கொடுப்பவருக்கு அதில் தண்டனையும் இல்லை. ஷெர்ரியின் மசோதா சட்டத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. மரண தண்டனையை எடுத்துவிட்டுச் சிறைத்தண்டனை வைத்தது. 'வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு' என்ற பொருளில் சொற்களைச் சேர்த்தது. பொய்ப் புகாருக்குத் தண்டனை கேட்டது. உள்ளூர்க் கூட்டம் சூழ்ந்து நிற்கும் கீழ் நீதிமன்றத்தில் இல்லாமல் உயர் நீதிமன்றத்தில் விசாரணை நடக்கட்டும் என்றது. நிலத் தகராறு, பழைய பகை, கடன் எதற்கு வேண்டுமானாலும் இந்தப் புகாரை ஆயுதமாக்கலாம் என்ற நிலைமையைத்தான் அது குறிவைத்தது.

2011 ஜனவரி 4. இஸ்லாமாபாத் கோஹ்சார் மார்க்கெட்டில் சல்மான் தசீரை, அவருக்குக் காவலாக வந்த போலீஸ்காரரே சுட்டுக் கொன்றார். கொன்றவர் நீதிமன்றத்துக்கு வந்தபோது வழக்கறிஞர்கள் சிலர் ரோஜா இதழ்களைத் தூவினார்கள். ஐந்து நாள் கழித்துக் கராச்சியில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். அந்த நாட்களில் கராச்சியில் ஒரு மசூதி இமாம் ஷெர்ரியைக் கொல்லத் தகுந்தவர் என்றே அறிவித்தார். அடுத்தது அவர்தான் என்று செய்தியாளர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நாட்டை விட்டுப் போய்விடுங்கள் என்று அரசிலும் வெளியிலும் பலர் சொன்னார்கள். அவர் போகவில்லை. கராச்சி வீட்டுக்குள் காவலோடு அடைந்து கிடந்தார்.

அந்த நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர்களும் காவலர்கள்தான். தசீரைச் சுட்டவரும் காவலர்தான்.

அரசு அவர் பக்கம் நிற்கவில்லை. சட்டத்தில் கை வைக்க மாட்டோம் என்று பிரதமர் கிலானி திரும்பத் திரும்பச் சொன்னார். பிப்ரவரி தொடக்கத்தில், பிரதமர் விவாதத்துக்கே கதவை அடைத்துவிட்ட பிறகு கட்சியின் முடிவுக்குக் கட்டுப்படுவதாக ஷெர்ரி சொன்னார். மசோதா போய்விட்டது. மார்ச் 2 அன்று, அமைச்சரவையில் இருந்த ஒரே கிறிஸ்தவரும் இந்தச் சட்டத்தைத் திருத்தக் குரல் கொடுத்தவருமான ஷாபாஸ் பட்டியையும் சுட்டுக் கொன்றார்கள்.

"பின்வாங்கிவிட்டார்" என்று அவரைக் குறை சொல்பவர்கள் இன்றும் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. மசோதாவைத் தாக்கல் செய்த நாளில், உயிருக்கு ஆபத்து வரும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவர் பின்வாங்கியது உயிர்ப் பயத்தில் என்றால் முதலில் விமானம் ஏறியிருப்பார். கட்சியே பின்னால் இல்லை என்ற பிறகு, தொகுதியும் இல்லாத ஓர் உறுப்பினர் அந்த மசோதாவை வைத்துக்கொண்டு சபையில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பேநசீரின் கட்சி, தன் ஆளுநர் செத்த பிறகு, தன் உறுப்பினரையும் தனியே விட்டது. என்னைக் கேட்டால், அந்த ஆட்சியின் மேல் விழுந்த பெரிய கறை அதுதான்.

அதோடு விடவுமில்லை. 2010இல் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் அவர் பேசியதே மதநிந்தனை என்று முல்தானில் ஒருவர் புகார் கொடுத்திருந்தார். 2013 தொடக்கத்தில் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் போலீஸ் அதைப் பதிவு செய்தது. அப்போது அவர் வாஷிங்டனில் பாகிஸ்தானின் தூதர்! ஆசியா பீபியை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்ய 2018 அக்டோபர் 31 வரை ஆனது. மேல்முறையீட்டில் நீதிபதிகள் பார்த்தது சாட்சிகளின் முரண்பாட்டை. சட்டப் பிரிவு அப்படியேதான் இருக்கிறது.

தூதர் பதவியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்பு இருந்த ஹுசைன் ஹக்கானி ஒரு ரகசியக் கடித விவகாரத்தில் பதவி விலக, 2011 நவம்பரில் ஷெர்ரியை நியமித்தார்கள். அந்த வாரமே சலாலாவில் நேட்டோ விமானத் தாக்குதலில் 24 பாகிஸ்தான் படையினர் இறந்தார்கள். நேட்டோவின் சரக்கு வழியைப் பாகிஸ்தான் மூடியது. ஏழு மாதம் இழுத்து, 2012 ஜூலையில் ஹிலாரி கிளின்டன் வருத்தம் தெரிவித்த பிறகு வழி திறந்தது. மோசமான காலத்தில் பொறுமையாகச் செய்த வேலை அது. 2013 தேர்தலில் கட்சி தோற்றதும் திரும்பி வந்துவிட்டார்.

2015இல் சிந்து மாகாணத்திலிருந்து செனட்டுக்கு வந்தார். 2018 மார்ச்சில் செனட்டின் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். அதே மார்ச்சில் தார் பாலைவனத்தின் கோலி சமூகத்தைச் சேர்ந்த கிருஷ்ண குமாரியும் அதே கட்சி சார்பில், பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் செனட்டர் ஆனார். கொத்தடிமையாக இருந்த குடும்பத்துப் பெண். ஒதுக்கீடு வேண்டாம் என்று பேசுபவர்கள் அந்த ஒரு பெயரையாவது நினைத்துப் பார்க்க வேண்டும். பொதுத் தொகுதியில் எந்தக் கட்சி அவருக்கு டிக்கெட் கொடுத்திருக்கும்?

2022 ஏப்ரலில் இம்ரான் கான் ஆட்சி கவிழ்ந்ததும் ஷெர்ரிக்குக் கிடைத்தது பருவநிலை மாற்றத் துறை. பெரிய துறை இல்லை, பணமும் குறைவு. மே மாதம் ஹுன்சாவில் ஷிஸ்பர் பனியாறு தேக்கி வைத்திருந்த ஏரி உடைந்து, காரகோரம் நெடுஞ்சாலையின் ஹசனாபாத் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. பாலம் துண்டாகி நீரில் விழுவதைக் காட்டும் காணொளியை அவர் தன் பக்கத்தில் போட்டபோதுதான் உலகம் கொஞ்சம் திரும்பிப் பார்த்தது. அதே மாதம் ஜேக்கபாபாதில் வெயில் 51 டிகிரி. ஆகஸ்டில் வெள்ளம். 3.3 கோடி பேர் பாதிக்கப்பட்டார்கள், 1,700க்கும் மேல் இறந்தார்கள். சேதமும் இழப்பும் சேர்த்து 3,000 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். சிந்துவில் பருத்தி வயல்கள் மாதக்கணக்கில் ஏரியாகவே கிடந்தன.

அந்த நவம்பரில் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கில் ஐ.நா. பருவநிலை மாநாடு. அந்த வருடம் வளரும் நாடுகளின் ஜி-77 குழுவுக்குப் பாகிஸ்தான் தலைமை. உலகின் கரியமில வாயுவில் ஒரு சதவீதம்கூட வெளியிடாத நாடு மூழ்கியிருக்கிறது, அந்த நாட்டின் அமைச்சரே குழுவின் சார்பில் பேசுகிறார். பருவநிலையால் ஏற்படும் இழப்புக்கும் சேதத்துக்கும் தனி நிதியம் வேண்டும் என்று சிறு தீவு நாடுகள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தன. பணக்கார நாடுகள் தள்ளிப்போட்டே வந்தன. மாநாடு கெடுவைத் தாண்டி நீண்டு, நவம்பர் 20 விடியற்காலையில் அந்த நிதியத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. இதை ஷெர்ரி தனியாகச் சாதித்தார் என்று சொன்னால் தப்பு. ஆனால் மேசையில் அந்த வெள்ளத்தின் எடையை இறக்கி வைத்தவர் அவர். 2023 ஜனவரியில் ஜெனீவாவில் பாகிஸ்தானுக்கு 900 கோடி டாலருக்கு மேல் வாக்குறுதி கிடைத்தது. அதில் பெரும்பகுதி கடன்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு மசோதா. 1929இல் பிரிக்கப்படாத இந்தியாவில் வந்த குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், சாரதா சட்டம் என்று நம் தாத்தா பாட்டி காலத்தில் சொன்னது, எல்லைக்கு அந்தப் பக்கமும் தொடர்ந்தது. அங்கே பெண்ணின் திருமண வயது 16, ஆணுக்கு 18 என்று இருந்தது. சிந்து மாகாணம் மட்டும் 2014இல் இருவருக்கும் 18 என்று மாற்றியது. அந்தப் பழைய சட்டத்தில் பெண்ணுக்கும் 18 ஆக்க வேண்டும் என்ற ஷெர்ரியின் மசோதாவைச் செனட் 2019 ஏப்ரலில் ஏற்றது. மதக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. தேசிய சபையில் அது முடங்கிப் போனது.

அவர் அதை விடவில்லை. 2025 மே மாதம், இஸ்லாமாபாத் தலைநகரப் பகுதிக்கு மட்டும் என்ற அளவில், அவருடைய கட்சியின் ஷர்மிளா ஃபரூக்கி தேசிய சபையிலும் ஷெர்ரி செனட்டிலும் மசோதாவை நிறைவேற்றினார்கள். சட்டங்கள் மதத்துக்குப் பொருந்துமா என்று ஆலோசனை சொல்லும் இஸ்லாமியக் கருத்தியல் பேரவை எதிர்த்தது. ஜனாதிபதி கையெழுத்துப் போடக் கூடாது என்று நெருக்கடி வந்தது. மே மாத இறுதியில் ஜர்தாரி கையெழுத்திட்டார். 18 வயதுக்குக் கீழ் உள்ள பெண்ணை மணக்கும் ஆணுக்கு மூன்று ஆண்டு வரை கடுங்காவல். இஸ்லாமாபாதில் நிக்காஹ் பதிவாளர் இப்போது மணமக்கள் இருவரின் அடையாள அட்டையையும் பார்த்துவிட்டுத்தான் பதிவேட்டைத் திறக்க வேண்டும். பார்க்காமல் எழுதினால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம்.